மல்லாந்து கிடந்த பஞ்சவர்ணம்

செவ்வாயின் ஏழாம் குமிழி நகரில் கல்யாணம் முடிந்த ஆறாவது மாதம் அரசாங்கச் சிலந்தி வீடு தேடி வந்துவிடும். ஓராண்டு அதை உயிரோடு வளர்த்துக் காட்டினால்தான் பிள்ளை பெற உரிமம். காற்றையே அளந்து விடுகிற ஊரில் நாய், பூனையெல்லாம் கட்டுப்படியாகாது. குட்டை டாரன்டுலா வகைச் சிலந்திக்கோ துளிக் காற்று தாராளம்.

பொற்கொடிக்கும் அவள் கணவன் செழியனுக்கும் வந்தது ரூபாய் நாணய அளவுதான். ஆரஞ்சு முதுகு, கறுப்பு வரி, ரோஜா நிறப் பாதங்கள். பஞ்சவர்ணம் என்று பெயர் வைத்தாள் பொற்கொடி. கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணில் வளை தோண்டிக்கொண்டு, மகாராணி லேசில் தரிசனம் தரமாட்டாள். வாரம் இரண்டு சிள்வண்டு போட்டால் போதும்.

ஆண்டு முடிகிற அன்று காலை பஞ்சவர்ணம் மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே. மாலை நான்கு மணிக்கு உரிமத்துறையின் ஆய்வு இயந்திரம் வரவேண்டும்.

"போச்சு, எல்லாம் போச்சு," என்று தலையில் கைவைத்தான் செழியன். "மூணாவது தெருவுல இதே கலர்ல ஒண்ணு கிடைக்குமாம். மாத்தி வச்சிடலாம். இதைக் கழிவுக் குழாய்ல போட்ரு."

"தொட்டீங்கன்னா தெரியும் சேதி! ஒரு வருஷம் நம்மகூட இருந்த உசுருங்க. புள்ளை இல்லாட்டிப் போகுது, இதைக் குப்பையில போட நான் விடமாட்டேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியருகே உட்கார்ந்து அழுதாள். பிள்ளைக்காகவும்தான் அழுதாள். மூன்றாவது தெருவுக்குச் செழியன் போகவில்லை.

சரியாக நான்கு மணிக்கு இயந்திரம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே மங்கலாக ஒரு வெற்றுக்கூடு. பக்கத்தில், புது வண்ணம் பளபளக்க, களைத்துப்போய்க் கால் நீட்டியிருந்தது பஞ்சவர்ணம்.

"தோல் உரித்திருக்கிறது," என்றது இயந்திரம். "மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள் என்று சிலந்தியோடு தந்த கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. படித்தீர்கள்தானே?"

"படிக்காம இருப்போமா?" என்றான் செழியன், கூசாமல்.

"போன ஆண்டு நூறு வீடுகளுக்குச் சிலந்தி கொடுத்தோம். எழுபது வீடுகளில் செத்துவிட்டதென்று நினைத்து உயிரோடு குழாயில் போட்டுவிட்டு வேறொன்றைக் காட்டினார்கள். அவர்களும் படித்ததாகத்தான் ஒப்பமிட்டிருந்தார்கள்."

உரிமம் கிடைத்துவிட்டது. கூடவே காற்றில் ஒரு திரை விரிந்தது: குழந்தை வளர்ப்பு விதிகள், தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம். அடியில் ஒரு பொத்தான்: 'முழுவதும் படித்தேன், ஏற்கிறேன்.'

பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் செழியன் அதை அழுத்திவிட்டிருந்தான்.

இயந்திரம் இருவரையும் பார்த்தது. பிறகு தன் குறிப்பில் எழுதிக்கொண்டது: 'கணவர் படிக்கவில்லை. மனைவி அழுதிருக்கிறார். தேறிவிடுவார்கள்.'