தூக்கிவிடு

தனியாக ஆடுவதற்கான பொத்தானைத்தான் கலையரசன் அழுத்தியிருந்தான். இருந்தும் போன் திரையின் ஓரத்தில், அவன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் வந்து நின்றது. உபைத்.

மழை நேரத்தில் நெட் இப்படித்தான், பழைய கூட்டாளிகளின் பெயரை அழிக்காமல் வைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விளக்கு வைக்கும் நேரம். கரண்ட் போயிருந்தது. ரெட்டிபாளையம் பக்கம் திரும்பும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் உறுமலும், நனைந்த சிமெண்ட் தூசியின் வாசமும், சமையலறைக் குழாய் எதிலோ சொட்டும் சத்தமும் ஒன்றாகக் கலந்து அந்த அரியலூர் வீட்டின் இருட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. மனைவி வேணி குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள்.

உபைத் இறந்து நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹா அன்று காலையில்தான் முடிந்திருந்தது.

கல்லூரியில் ஆரம்பித்த பழக்கம். கலையரசன் சிமெண்ட் ஆலை ஸ்டோரிலும் உபைத் துபாயிலும் வேலைக்குப் போன பிறகும், பொழுது சாய்ந்தால் இருவரும் ஒரே ஆட்டத்தில்தான் இருப்பார்கள். போனில் ஆடுவதெல்லாம் ஒரு ஆட்டமா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டே போனில் ஆடினார்கள். எந்தத் துப்பாக்கிக்கு எந்தப் பெயிண்ட் பொருந்தும் என்று பெண் பார்ப்பதைப் போல ஆராய்ச்சி செய்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உபைத்தைக் கலையரசனால் மாற்ற முடியவில்லை. அந்த ஆட்டத்தில் குண்டடி பட்டவன் உடனே சாக மாட்டான். கீழே விழுந்து தவழ்வான். கூட்டாளி ஒருவன் பக்கத்தில் போய்க் கைகொடுத்தால் எழுந்துவிடுவான். ஆடுகிறவர்கள் அதைத் தூக்குவது என்பார்கள். முகம் தெரியாத எவனோ விழுந்தாலும் உபைத் குண்டு மழைக்குள் ஓடித் தூக்குவான். பாதி நேரம் அவனும் செத்துப்போவான். திட்டினால், "கெடந்து கத்துறான்ல மாப்ள" என்பான்.

உபைத் லீவில் சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டுக்கு வந்திருந்தபோது ஒரு சாயங்காலம், வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். சிக்னலுக்காக மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தவன், டேங்க் நிரம்பி வழிகிறது, மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றான். திரையில் அவனுடைய வீரன் ஒரு சுவர் மறைவில் அசையாமல் நின்றான். கொஞ்ச நேரத்தில் காதில் குரல் கேட்டது.

"மாப்ள... விழுந்துட்டேன்டா. தூக்கிவிடு."

கலையரசன் திரும்பிப் பார்த்தான். சுவர் மறைவில் வீரன் நேராக நின்றுகொண்டுதான் இருந்தான்.

"நின்னுக்கிட்டே நடிக்காதடா" என்று சிரித்தான். குரல் மறுபடி மறுபடி வந்தது. எதிரியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டியிருந்ததால், திரையில் மைக் குறியை அழுத்தி உபைத்தின் குரலை அடைத்தான்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தான்.

நனைந்த படியில் வழுக்கி விழுந்த உபைத்தை, கல்யாணத்திலிருந்து திரும்பியவர்கள்தான் பார்த்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கொஞ்சம் முன்னால் யாராவது வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஊரே பேசியது. உபைத்தின் பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் கலையரசனின் போனில் இருந்தது. ஒரு போன் போதும். அதைக்கூடச் செய்யவில்லை.

இன்று காலை பாத்திஹா முடிந்து கிளம்பும்போது உபைத்தின் அம்மா பாத்திமா பீவி கலையரசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கடைசியா ஒங்கிட்டதானே பேசிக்கிட்டு இருந்தான். என்ன சொன்னான்?"

"சிரிச்சுக்கிட்டுதாம்மா இருந்தான்."

"அல்லா ஒன்னைய நல்லா வைக்கட்டும்" என்றார் அவர். அந்த வாழ்த்து அவன் நெஞ்சில் கல்லாக இறங்கியது. அதைக் கரைக்கத்தான் இப்போது போனை எடுத்திருந்தான். வேறெந்த வழியும் அவனுக்குத் தெரியவில்லை.

திரையில் உபைத் என்ற பெயருக்குப் பக்கத்தில் மைக் குறி பச்சையாக எரிந்தது. ஆனால் காதில் எந்தச் சத்தமும் இல்லை. அவன் அன்று அடைத்த குரல் இன்னும் அடைந்தே கிடந்தது. குறி மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. பேசுகிறவனின் மூச்சைப் போல. அன்று நின்றிருந்த வீரன் இன்று நிற்கவில்லை. ஈரத் தரையில் தவழ்ந்து அவனை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

கலையரசன் போனை அணைத்தான். இயர்போனைக் கழற்றி எறிந்தான்.

"மாப்ள."

குரல் போனிலிருந்து வரவில்லை. கொல்லைக் கதவுப் பக்கம். கீழே, தரையோரத்தில்.

"விழுந்துட்டேன்டா."

சிமெண்ட் தரையில் ஏதோ இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. ஓடிவிடலாம். வாசல் கதவு பக்கத்தில்தான். ஆனால் அன்றும் அவன் இப்படித்தான் திரும்பிக்கொண்டான். இந்த ஒரு தடவையாவது. கந்தா, இந்த ஒரு தடவை.

"வரேன்டா" என்றான்.

இருட்டில் குனிந்து கையை நீட்டினான். ஈரமான கை ஒன்று அவன் கையைப் பற்றியது. குளிர்ந்திருந்தது. தூக்கினான். கனம். ஒரு ஆளின் முழுக் கனம். அது எழுந்து, அவன் தோளில் கைபோட்டுச் சாய்ந்தது.

"அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்டா. நாளைக்கே போயி உண்மையச் சொல்லிடுறேன்" என்று அழுதான்.

தோளில் சாய்ந்திருந்ததிடம் மூச்சு இல்லை.

வாசல் கதவு திறந்தது. வேணி. சுவரில் பட்ட டார்ச் வெளிச்சம் ஆட, பதறிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, யாரு இந்த அண்ணன்? நிக்கக்கூட முடியல போலருக்கே. இருங்க, நான் ஒரு கை புடிக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் குடையைப் போட்டுவிட்டு, அந்த இன்னொரு கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இருவர் கழுத்திலும் பிடி இறுகியது.

அப்போது அவர்கள் காலடியில், கொல்லைக் கதவோரத் தரையில் கிடந்தபடியே, உபைத்தின் குரல் களைத்துப்போய்க் கேட்டது.

"மாப்ள... தூக்கிவிடுடா."