பத்தடி முன்னால்

மூன்றாவது முறை கூப்பிட்டும் மாரிச்செல்வம் திரும்பிப் பார்க்கவில்லை.

கோபக்காரர்தான். ஆனாலும் கூப்பிட்டால் "என்னட்டி" என்று எரிச்சலோடாவது திரும்பிவிடுகிறவர். கற்பகத்துக்கு ஆத்திரம் பொங்கியது. திருநெல்வேலியிலிருந்து கிளம்பி ஆறு நாளாக அவள் அதிகம் பார்த்தது கணவரின் முதுகைத்தான். மதுரை மகாலில் அவள் தூண்களை அண்ணாந்து பார்ப்பதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார். பத்மநாபபுரம் அரண்மனையில் அந்தக் கறுத்த தரையின் குளுமை உள்ளங்காலில் ஏறும் முன்பே "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். திருவனந்தபுரமும் கொல்லமும் ஜன்னல் வழியாகவே ஓடிப்போயின. கடைசி ஊர் மட்டாஞ்சேரி. வந்து இறங்கினால் வெள்ளிக்கிழமை. அரண்மனையும் பூட்டு, யூதர்களின் பழைய கோயிலும் பூட்டு.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்லா" என்றாள். அவர் நடக்கத் தொடங்கினார். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவள் நிமிர்ந்தபோது பத்தடி முன்னால் அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டை போய்க்கொண்டிருந்தது.

மணி நாலுதான். ஆனால் மழைமேகம் மூடி இருட்டியிருந்தது. இருபுறமும் ஓடு வேய்ந்த கிடங்குகள். சுக்கும் மிளகும் நனைந்த சாக்கும் கலந்த நெடி தொண்டையில் காந்தியது. வல்லார்பாடம் துறைமுகப் பக்கமிருந்து ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. நீலச் சட்டை இடப்பக்கச் சந்துக்குள் திரும்பியது.

சந்து முனையில் சாயாக் கடை வைத்திருந்தவர் எட்டிப் பார்த்தார். வந்ததும் இவரிடம்தான் படகுத்துறைக்கு, இவர் பேச்சில் ஜெட்டிக்கு, வழி கேட்டிருந்தார்கள். யூசுப் என்று பெயர்கூடச் சொன்னார்.

"சேச்சி, அங்கோட்டு வழியில்ல. பழைய கோடவுன். சாரு ஜெட்டிப் பக்கமல்லே போயது?"

"இல்ல, இந்தா போறாவள்லா."

யூசுப் குழப்பத்தோடு அவளையும் அவள் மஞ்சள் சேலையையும் மேலும் கீழும் பார்த்தார். "சேச்சியும் சாரோட கூடத்தானே போயது? இப்பத்தான் ரெண்டு பேரும் போயி."

வேறு யாரையோ பார்த்திருக்கிறார். நின்று பேசினால் சட்டை மறைந்துவிடும். அவள் சந்துக்குள் விரைந்தாள்.

சந்து ஒரு மரக்கதவில் முடிந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நீண்ட கிடங்கு. அடுக்கிய சாக்குகளின் நடுவே, கூரையில் உடைந்த ஓட்டின் வழி விழுந்த சாம்பல் வெளிச்சத்தில், அவர் நடந்துகொண்டிருந்தார். சுக்கு நெடி குறைந்து, மூடிவைத்த கிணற்றைத் திறந்தாற்போல் ஒரு ஈர வாடை வந்தது.

"எங்க போறீய? நில்லுங்க."

நடந்தார். அவள் வேகமாக நடந்தாள்; அவரும். அவள் மெதுவாக நடந்தாள், அவரும். பத்தடி. குறையவில்லை. கூடவுமில்லை. அப்போதுதான் கவனித்தாள், அந்தக் கிடங்கில் கேட்டது ஒரே காலடிச் சத்தம். அவளுடையது.

கைப்பையில் போன் அடித்தது. மாரிச்செல்வம்.

"காது கேக்கலையாட்டி?" அவர் குரலேதான், அதே எரிச்சல். "எத்தன தடவ கூப்பிடுதேன். விறுவிறுன்னு முன்னாடி போறே. திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கே."

அவள் முன்னால் போகும் சட்டையைப் பார்த்தாள். "எங்க இருக்கீய?"

"உம் பொறத்தாலதான். ஜெட்டியத் தாண்டி ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சியே, அங்க. பத்தடிதான் இருக்கும். எவம் வீட்டுக்குள்ள போறே நீ?"

"நான் அங்க இல்ல."

"மஞ்சச் சேல கண்ணு முன்னால தெரியுது. வெளையாடாத."

 மறுமுனையில் மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"கற்பகம்." குரல் தாழ்ந்திருந்தது. "நீ போன்ல பேசுதே."

"ஆமா."

"ஒன் ரெண்டு கையும் தொங்கிட்டுல்லா இருக்கு."

"வெளிய வாங்க. கிட்டப் போவாதீய. வெளிய வந்துருங்க."

"அது நின்னுட்டு."

அவளுக்கு முன்னால் நீலச் சட்டையும் நின்றுவிட்டது.

"கதவு... கதவு எங்கட்டி போச்சு? கற்பகம், அது திரும்புது."

பிறகு மூச்சு மட்டும். வேகமான மூச்சு. அதுவும் அறுந்தது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மழை. மழை மட்டும்.

"என்னங்க" என்றாள். "என்னங்க."

முன்னால் நின்ற நீலச் சட்டை அசைந்தது. தோள் முதலில். பிறகு தலை. மெல்ல, முழுக்கத் திரும்பியது.

அந்தப் பக்கமும் முதுகு. வியர்வையில் நனைந்த காலர். வெட்டிய பிடரி மயிர். முகமே இல்லாமல், எந்தப் பக்கமும் முதுகாகவே நின்று, அது அவளை நோக்கி நடந்து வந்தது.