மூன்றாவது ‘வேண்டாம்’

நவம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் ஒன்பது மணியாகியும் ஓயவில்லை. காற்று சிறிதும் இல்லாமையால், மேலிருந்து எவரோ நூல் விட்டுக்கொண்டிருப்பதைப் போல, மழை செங்குத்தாகவும் ஓசையின்றியும் இறங்கிக்கொண்டிருந்தது.

நான்காம் மாடியிலிருந்த கண்காணிப்பு அறையின் சன்னல்கள் எக்காலத்தும் திறக்கப்படுவதில்லை. ஈரக் குடைகளின் நாற்றமும், தடுப்புச் சுவருக்கு அப்பால் ஓயாது இயங்கும் சர்வர்களின் சூடேறிய தூசு வாசனையும், குளிரூட்டியின் இடைவிடாத முனகலும் ஒன்றாகக் கலந்து அவ்வறையின் நிரந்தரக் காற்றாகவே ஆகிவிட்டிருந்தன. அவள் தன் நாற்காலியில் அமர்ந்து, பணியேற்கும் எவரும் முதலில் செய்யவேண்டிய கடமைப்படி, தன் முகவரியிலிருந்து ஒரு சோதனை அஞ்சலை அனுப்பினாள். தொல்லை அஞ்சல்களைத் தடுக்கும் மின்னஞ்சல் வடிகட்டி அதனை வாங்கிப் பரிசோதித்து, தீங்கற்றது எனக் கண்டு மறுபுறம் சேர்ப்பிப்பதற்கு அரை வினாடிக்கு மேல் ஆவதில்லை. அவள் பணியில் சேர்ந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறையும் ஆனதில்லை.

அன்று பதினொரு வினாடிகள் ஆயின.

திரையில் பச்சைக் கோடு படுத்த படுக்கையாக நீண்டிருக்க, அதற்கு மேலே ஒரே ஒரு புள்ளி மட்டும் தனித்து நின்றது. மற்றவர் முகவரிகளிலிருந்து அனுப்பிப் பார்த்தாள். அரை வினாடி. மீண்டும் தன் முகவரியிலிருந்து அனுப்பினாள். பதினொன்று.

“ரேடியோ, இங்க கொஞ்சம் பாரேன். என்னோட மெயில் மட்டும் ஊர் சுத்திட்டு வருது” என்றாள் அவள்.

அடுத்த மேசையிலிருந்தவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவளே அவள்தான். தூக்கத்திலும் வாய் மூடாதவள் என்பது அலுவலகத்தார் கருத்து. அந்த ரேடியோ இப்போது பதில் சொல்லவில்லை. தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள். நேரத்தை அளப்பதே தொழிலாகிவிட்டவள் ஆதலால், அழைத்தவளின் மனம் தானாகவே எண்ணத் தொடங்கிற்று. எட்டு, ஒன்பது, பத்து.

“என்னக்கா, கூப்டீங்களா?” என்று ரேடியோ திரும்பினாள்.

“காதுல என்ன, பஞ்சு வெச்சிருக்கியா?”

மறுபடியும் பதினொரு வினாடிகள் அந்த முகம் வெறுமையாகவே இருந்தது. பிறகு, சொல் அப்போதுதான் வந்து சேர்ந்ததைப் போல, சிரிப்பு மலர்ந்தது. “போங்கக்கா! நீங்க கேட்ட உடனேதானே பதில் சொன்னேன். காலையிலேயே வம்புக்கு இழுக்கறீங்க.”

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். முந்தைய இரவு கணவனும் இவ்வாறே தாமதித்துத் தாமதித்துப் பேசியது நினைவுக்கு வந்தது. வேலைக் களைப்பு என்று எண்ணியிருந்தாள். காலையில் எட்டு வயது மகள், பல் ஆடுவதைக் காட்டிவிட்டு, அவள் “சாயந்தரம் பாக்கறேன் கண்ணு” என்று சொன்னதைக் கேளாதவள்போல் வெகுநேரம் வாயைத் திறந்தபடியே நின்றாள். குழந்தை விளையாடுகிறாள் என்று எண்ணியிருந்தாள்.

அஞ்சல்களைத் தாமதப்படுத்தும் முறையை அவள் நன்கறிவாள். அதனை வகுத்தவளே அவள். வடிகட்டியின் வழியே கடிதம் பெறும் எவரும், ஓர் அனுப்புநர் தொல்லையெனத் தோன்றினால் ‘வேண்டாம்’ என்னும் பொத்தானை அழுத்தலாம். முன்பு பத்துப் பேர் அழுத்தினால்தான் அந்த அனுப்புநர் தடுக்கப்படுவார். பத்துப் பேரை எண்ணிக்கொண்டிருப்பதால் சேவை மந்தமாகிறது என்று அவள் கண்டறிந்தாள். அறியாதவர் பத்துப் பேர் சொல்வதைவிட, அனுப்புநர் மிகுதியாக எழுதும் மூவர் சொன்னால் போதுமென்றும், நெருங்கியவர் பொய் சொல்லமாட்டார் என்றும் எழுதிக் கொடுத்தாள். முதலாமவர் அழுத்தினால் பதினொரு வினாடித் தாமதம். இரண்டாமவர் அழுத்தினால் நான்கு நிமிடம். மூன்றாமவர் அழுத்தினால் நிறுத்திவைப்பு. அதன்பின் அவருடைய எதுவும் எவரையும் சென்றடையாது. இத்திட்டத்துக்காக மேலாளர் அனைவர் முன்னிலையிலும் அவளைப் பாராட்டினார். கைதட்டலைத் தொடங்கிவைத்தவள் ரேடியோ.

பதிவேட்டைத் திறந்து தன் முகவரியை இட்டாள்.

பெறப்பட்ட ‘வேண்டாம்’: ஒன்று. நேற்று மாலை 5.40. அழுத்தியவர் இடத்தில் ரேடியோவின் முகவரி. காரணம், கொடுக்கப்பட்ட பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது: ‘இனித் தேவைப்படாது.’

நேற்று மாலை 5.40 மணிக்கு இருவரும் ஒரே குடையின் கீழ்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தனர். ரேடியோ ஒரு கையால் அவள் தோளை அணைத்துக்கொண்டு, மறு கையால் கைப்பேசியில் ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

“நீயா ரேடியோ அமுக்கினே?”

எண்ணினாள். பதினொன்று.

“ஆமாக்கா.” ரேடியோவின் குரலில் நடுக்கமோ வெட்கமோ இல்லை, வானிலை சொல்வதைப் போலவே சொன்னாள். “சும்மாதான் அமுக்கினேன். அமுக்கினதும் லேசா இருந்துச்சுக்கா. தலைபாரம் இறங்கின மாதிரி. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க, என்ன?”

அவ்வாறு சொல்லும்போது ரேடியோவின் பார்வை அவள் முகத்தின் மீது இல்லை. அவள் முகத்துக்கு ஒரு சாண் வலப்புறமாக, வெற்றுக் காற்றில் நிலைத்திருந்தது.

அந்தப் பதிவை நீக்க முயன்றாள். ‘தொடர்புடைய அனுப்புநர் இம்மாற்றத்தைச் செய்ய இயலாது’ என்று திரை மறுத்தது. அவ்வாக்கியமும் அவள் எழுதியதே. மேலாளரின் அறைக்குச் சென்று நிலைமையை விளக்கினாள். அவர் பதினொரு வினாடி கழித்து, “அப்புறம் பாத்துக்கலாம்மா” என்று கதவை நோக்கிச் சொன்னார். நண்பகல் கழிந்தது. சன்னலுக்கு வெளியே வானம் அழுக்குத் துணியைப் போலத் தாழ்ந்துகொண்டே வந்தது. அறையில் அனைவரும் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தனர். அவள் வாய் திறக்கும்போது மட்டும் அப்பேச்சில் ஒரு பள்ளம் விழுந்து, மெல்லத் தூர்ந்தது.

பிற்பகல் 3.52. பதிவேட்டில் எண் மாறிற்று.

இரண்டு.

முகவரி அவள் கணவனுடையது. காரணம்: ‘அடிக்கடி வருகிறது.’

படிக்கட்டின் மூலைக்குச் சென்று அவனை அழைத்தாள். “என்னங்க, நீங்களா அழுத்துனது? எதுக்குங்க? நான் என்ன பண்ணினேன்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மறுமுனை உயிரோடிருந்தது. அவன் மூச்சு கேட்டது. தொலைக்காட்சியின் ஓசையும், பின்னால் எங்கோ மகள் தனக்குள் பாடிக்கொள்வதும் கேட்டன. ‘யார்’ என்று அவன் கேட்கவில்லை. தொடர்பைத் துண்டிக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் பொறுத்திருக்கவேண்டும் என்பதைத் துல்லியமாக அறிந்தவனைப் போல, நான்கு நிமிடங்கள் அமைதியாகக் காத்திருந்தான்.

“ஆமா, நான்தான்” என்றான். எப்போதும் போன்ற இதமான குரல். “கோச்சுக்காதேம்மா. வீடு கொஞ்ச நாளைக்கு அமைதியா இருக்கட்டுமேன்னு பாத்தேன். நீயும்தான் எவ்வளவு நாளைக்கு ஓடிக்கிட்டே இருப்பே, சொல்லு.” தண்ணீர் குடிப்பதற்கு நிறுத்தினான். “பாப்பாவோட ஸ்கூல் மெயில்லயும் அந்தப் பட்டன் இருக்கில்ல? எப்படி அமுக்கறதுன்னு கேட்டா. சாயந்தரம் சொல்லித் தரேன்னேன். டக்குனு புரிஞ்சுக்கறா, உன்ன மாதிரியே.”

தொடர்பு அறுந்தது.

மகளின் பள்ளி முகவரிக்கு அவள் நாள்தோறும் எழுதுவாள். மதிய உணவு இடைவேளையில் ஒரு வரி, கணக்குத் தேர்வு என்றால் இரண்டு வரி. அவள் மிகுதியாக எழுதும் மூவரில் மூன்றாவது பெயர் எது என்பதைப் பதிவேட்டில் பார்க்கவேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

குடையை எடுக்காமலே இறங்கினாள். வாசலின் தானியங்கிக் கண்ணாடிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. வேறொருவர் வரும்வரை நின்று, அவர் முதுகோடு ஒட்டி வெளியேறினாள். மழைக்காகப் பகலிலேயே விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. முதல் இரண்டு பேருந்துகள் அவள் நீட்டிய கையைப் பொருட்படுத்தாமல் சென்றன. மூன்றாவதில், இறங்குவோருக்கிடையே முண்டி ஏறினாள். நடத்துநரிடம் இறங்குமிடத்தைச் சொன்னாள். அவர் அவளைக் கடந்து கடைசி இருக்கைவரை போனார். நான்கு நிமிடம் கழித்து அங்கிருந்த வெற்றிருக்கையை நோக்கி, “சில்லறையா குடும்மா” என்றார். எவரும் சிரிக்கவில்லை. அவரும் அங்கேயே கையை நீட்டியபடி நின்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. ஆனால், அழுவதற்கும் நேரமில்லை என்று பட்டது. கைப்பேசியில் பதிவேட்டைத் திறந்துவைத்து, அந்த ‘இரண்டு’ என்னும் எண்ணையே, அடுப்பில் வைத்த பாலைக் காப்பதைப் போல, இமைகொட்டாது பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீடு மூன்றாம் மாடியில். மின்தூக்கியின் பொத்தான் ஒளிரவில்லை. படியேறினாள். நடைவழியில் குழல்விளக்கு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. யாருமில்லை. ஈரச் சுண்ணாம்பின் வாசனை. அவளுடைய செருப்பின் சளக் சளக் ஓசை, அவளுக்கு ஒரு மாடி பின்னால், தாமதமாக ஏறி வந்தது.

மணி 6.14. கதவு உட்புறம் தாழிடப்பட்டிருந்தது. அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே ஒலிக்கவில்லை. கதவுக்கு அருகிலிருந்த கம்பிச் சன்னலின் திரைச்சீலை ஒதுக்கப்பட்டிருந்தது.

உணவு மேசையில் மகள். முன்னே பள்ளிக் கணினி. அவள் தோளில் தந்தையின் கை.

அவளுக்கு ஒரு கணக்கு தெளிவாகப் புரிந்தது: இப்போது பேசுவது நான்கு நிமிடம் கழித்தே உள்ளே சென்று சேரும். ஆகவே இப்போதே பேசவேண்டும். கம்பிகளைப் பற்றிக்கொண்டாள்.

“குட்டிம்மா! அதை அமுக்காதே கண்ணு. அம்மா வந்துட்டேன் பாரு, சன்னல்கிட்டதான் நிக்கறேன். பல்லு பாக்கறேன்னு சொன்னேன்ல? வந்துட்டேன். அப்பா என்ன சொன்னாலும் சரி, அதை மட்டும் அமுக்காதடா. நீ கோபமா இருந்தா அம்மாவைத் திட்டிக்கோ. பேசாமகூட இரு. அமுக்காதே. என் தங்கமில்ல?”

முடித்தாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

உள்ளே எவரும் சன்னல் பக்கம் திரும்பவில்லை. மகள் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். கணவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

ஒரு நிமிடம். ஆடும் பல்லை மகள் நாவால் நெருடினாள்.

இரண்டு. விரல் பொத்தானுக்கு அருகில் சென்றது. கணவன் மகளின் மணிக்கட்டை மெல்லப் பிடித்தான்.

“இரும்மா. பேசி முடிக்கட்டும்” என்றான்.

அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் வந்து நிற்பது தெரிந்திருந்தது.

மூன்று. குளிர் முழங்கால்வரை ஏறிற்று.

நான்கு.

அழைப்பு மணி உள்ளே ஒலித்தது. அதைத் தொடர்ந்து அவளுடைய குரல். அவள் காதுக்கே எட்டிற்று. நடுங்கிய, கெஞ்சிய, வெகுதொலைவிலிருந்து வருவது போன்ற குரல். மகள் தலை நிமிர்ந்தாள். கால்களை ஆட்டுவதை நிறுத்தினாள். ஒரு சொல் விடாமல் கேட்டாள். ‘என் தங்கமில்ல’ என்பதுவரை கேட்டாள். நேராகச் சன்னலைப் பார்த்தாள். தாயின் கண்களையே பார்த்தாள். ஒரு சாண் வலப்புறமாக அல்ல. கண்களையே.

“முடிஞ்சிடுச்சுப்பா. இப்ப அமுக்கவா?”

“ம்.”

சின்ன விரல். ஒரு முறை.

கைப்பேசி அதிர்ந்தது. மூன்று. காரணம்: ‘இவரை அறியேன்.’

குழல்விளக்கின் துடிப்பு நின்றது. மழையின் மெல்லோசை நின்றது. அவள் கத்தினாள். தொண்டை வலித்தது, ஓசை பிறக்கவில்லை. உள்ளே கணவன் எழுந்து வந்து, திரைச்சீலையைச் சுருக்கம் நீவி, மூடினான்.

அவள் திரும்பினாள்.

நடைவழி நிறைந்திருந்தது. ஒவ்வொரு கதவின் முன்னும் ஆட்கள். ஒரு கதவுக்கு ஒருவர், சிலவற்றுக்கு இருவர், கோடி வீட்டுக்கு ஐவர். முதியவர்கள். ஒரு மணப்பெண். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. எல்லோர் நெற்றியும் கதவோடு ஒட்டியிருந்தது. எல்லோர் வாயும் அசைந்துகொண்டிருந்தது. விடாமல். ஓசையின்றி.

அவள் வீட்டுக் கதவின் முன் ஏற்கெனவே ஒரு பெண் நின்றிருந்தாள். நனைந்து உலர்ந்து நைந்துபோன உடை. கதவில் நெற்றி பதிந்த இடத்தில் வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. அவள் தலை திருப்பவில்லை, பேச்சை நிறுத்தவில்லை. அரையடி மட்டும் நகர்ந்து, இவளுக்கு இடம் விட்டாள்.

அப்போது மணி மாலை ஆறு இருபத்தொன்று, பதினான்கு வினாடி.