அப்பாவின் கோட்டும் மெஷினின் தலையும்

அந்தத் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் ஒல்லி, கண்ணும் கூர்மை. சட்டையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இது கொஞ்சம் அதிகம்தான் என்று அவளுடைய அம்மா சொல்வாள்.

கடைக்கு மேலேதான் வீடு. அப்பா நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருப்பார். அதனால் அவருடைய வயிறு யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டே போனது. ஒருநாள் டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு, எடையைக் குறைக்க வேண்டும், உடம்பில் வலுவும் ஏற்ற வேண்டும் என்றார். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். சின்ன எடையில் தொடங்கி, நிதானமாகக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார். ஊசியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா காதில் விழுந்தது இரண்டே சொல்தான். ஒன்று 'குறைக்கணும்', இன்னொன்று 'தூக்கணும்'.

கடையின் பின்னறையில், பலகையிலிருந்து கழற்றிய பழைய தையல் மெஷினின் தலை ஒன்று கிடந்தது. அவ்வளவும் கெட்டி இரும்பு. மறுநாள் காலையிலேயே அப்பா அதைத் தலைக்கு மேல் தூக்க ஆரம்பித்துவிட்டார், அதுவும் வெறும் வயிற்றோடு. காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். இரவில் ஒரு தம்ளர் பால், அவ்வளவுதான். பசிக்கவே இல்லை என்று அவர் சொல்லும்போதே வயிறு கடமுட என்று எதிர்ப்பேச்சுப் பேசும்.

அம்மாவுக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். அதனால் இந்தக் காலைக் கூத்தெல்லாம் ஊசியின் கண்ணில் மட்டும்தான் பட்டது. பாட்டுப் பாடிக்கொண்டே தைக்கிற அப்பா இப்போது தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். நூல் கோக்கும்போது கை நடுங்கியது. ஊசிக்குப் பயமாக இருந்தது. காலையில் அவர் அந்த இரும்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கும்வரை அவளுக்குப் படுக்கையில் இருப்புக்கொள்ளாது.

ஒருநாள் வைக்கிற சத்தம் கேட்கவில்லை. டமார் என்று விழுகிற சத்தம்தான் கேட்டது.

ஊசி படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள். மெஷினின் தலை தரையில் கிடந்தது. அது விழுந்த இடத்தில் தரை பிளந்திருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி அப்பாவின் கால். அவர் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு சர்க்கரை போட்ட பாலும் ரொட்டியும் கொடுத்துச் சாப்பிட வைத்தாள். மெல்ல மெல்ல அப்பாவின் முகத்துக்கு உயிர் வந்தது.

"எதுக்குப்பா இவ்வளவு அவசரம்?" என்று கேட்டாள்.

அப்பா வெட்டுமேசையைக் காட்டினார். அங்கே ஒரு கோட்டுக்காக வெட்டிய துண்டுகள் இருந்தன. அது சித்தப்பா தன் கல்யாணத்துக்காக அண்ணனுக்கு ஆசையாக வாங்கித் தந்த நீலத் துணி. ஊசி முன்பக்கத் துண்டைப் பிரித்துப் பார்த்தாள்.

"அப்பா, இது உங்களுக்குப் பத்தாதே!"

"கல்யாணத்துக்குள்ள இளைச்சிடுவேன்னு நினைச்சேன். அதனால இளைச்ச அளவுக்கே வெட்டிட்டேன்" என்றார் அப்பா தலையைக் குனிந்துகொண்டு. "இனி கோட்டு பெருசாகாது. நான்தான் சின்னதாகணும்."

கடைக்கு வருகிறவர் யாராவது, "அடுத்த மாசம் இளைச்சிடுவேன், சின்னதாவே தைங்க" என்றால் அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டார். இன்றைக்கு இருக்கிற உடம்புக்குத்தான் தைப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பார். ஊருக்குத்தான் உபதேசம்!

ஊசி அந்தத் துண்டை அப்பாவின் வயிற்றோடு வைத்து அளந்து பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, மீதி நீலத் துணியை எடுத்து வந்தாள். அதில் அவளுக்குக் கையில்லாத ஒரு மேல்கோட்டு தைத்துத் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரிடம் அதைப் பற்றி அளந்தும் விட்டிருந்தாள்.

"இதை ரெண்டு பக்கமும் பட்டையா வச்சுத் தைக்கலாம்பா. கைக்குக் கீழ வந்தா வெளியே தெரியாது. நீங்க இளைச்சதும் பிரிச்சு எடுத்துடலாம்."

"அது உன்னோட துணிம்மா."

"எனக்குத் துணி வேண்டாம். நீங்க விழாம இருந்தா போதும்."

அப்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் நூல்தூசி விழுந்துவிட்டது என்றார். ஊசியும் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

ஆனால் அந்த இரும்பை விடத்தான் அவருக்கு மனம் வரவில்லை. கனமாகத் தூக்கினால்தானே வலு வரும் என்றார்.

"எனக்குத் தைக்கக் கத்துக்கொடுத்தப்ப எடுத்த எடுப்புல கோட்டுத்துணியையா கொடுத்தீங்க? கந்தல்துணியில கோடுதானே போடச் சொன்னீங்க?" என்று கேட்டாள் ஊசி.

அப்பா அந்த இரும்பின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு மூடினார்.

அன்று மாலை ஊசி ஒரு கிழிந்த காற்சட்டையின் கால்களை வெட்டி, மணல் நிரப்பி, இரண்டு சின்னப் பைகள் தைத்தாள். அப்பா அவற்றைப் பார்த்துச் சிரித்தார். தொட்டில் குழந்தை விளையாடுகிற சாமான் போல இருக்கிறதே என்றார். கொஞ்ச நேரம் தூக்கி இறக்கியதும் அவருக்கே மூச்சு வாங்கியது. கேலியை மடித்து வைத்துவிட்டார். பைகள் இலேசாகத் தெரியத் தொடங்கியபோது ஊசி ஒரு கைப்பிடி மணல் கூட்டினாள். பிறகு இன்னொரு கைப்பிடி.

அம்மாவிடம் அப்பாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். மறுநாளிலிருந்து வேலைக்குக் கிளம்பும் முன் முட்டை அவித்து மூடி வைத்தாள். அப்பா இளைத்தார், ஆனால் ஆமை வேகத்தில். கை நடுக்கம் நின்றது. மெஷின் சத்தத்தோடு பழையபடி பாட்டும் கேட்டது. ஊசி காலையில் நன்றாகத் தூங்கி, அம்மா வைத்த அலாரத்தையும் கோட்டைவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை கோட்டு தயாராகிவிட்டது. அப்பா போட்டுப் பார்த்தார். வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு பட்டனை மாட்டினார். கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்றார்.

"மூச்சை விடுங்கப்பா" என்றாள் ஊசி.

"விட்டா பட்டன் தெறிச்சிடும்."

"தெறிச்சா நான் தைச்சுத் தர்றேன். விடுங்க."

அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விட்டார். வயிறு தன் இடத்துக்கு வந்தது. பட்டன் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அப்புறம் இன்னொரு கண்ணையும் திறந்தார்.

மாடியிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். ஊசி திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பா கோட்டோடு பாதிப் படி ஏறியிருந்தார்.