பச்சை பிக்கப்பின் வலது மட்கார்டு

ஆர்வில் செத்துக் கிடந்தான்!

ரோட்டோரம். மல்லாக்க. அவனைச் சுற்றி ஊர்க்காரர்களின் கடிதங்கள் காற்றில் பறந்து கொண்டிருந்தன.

தபால்காரன் அவன். காலையில் பஞ்சரான டயரை மாற்றக் குனிந்தவனை, ஏதோ ஒரு வண்டி அடித்துத் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போயிருந்தது.

பார்த்தவள் ஒருத்திதான். எதிர் வயலில் இருந்த கோழிப்பண்ணைக்காரி.

"பச்சை பிக்கப் சார்... பழசு... ஐம்பத்திமூணு மாடல்! ஓட்டினவன் மூஞ்சி தெரியல!"

ஓக்லஹோமாவின் அந்த மூலையில் அப்படி வண்டிகள் இரண்டே இரண்டு.

ஒன்று, மாட்டுச் சந்தை முதலாளி ராய்ஸ் ஹால்டேனுடையது. ஷெட்டுக்குள் உறை போட்டு, குழந்தை மாதிரி வைத்திருந்தார்.

இன்னொன்று, கூலி வேலை பார்க்கும் டூயி பிக்கெட்டுடையது. துரு. ஓட்டை. முன்பக்கம் நசுங்கல் வேறு.

ஷெரிஃப் எம்மெட் யாரை அள்ளிக்கொண்டு போனார் என்று சொல்லவும் வேண்டுமா?

"மான் மேல மோதினது சார்!" டூயி கத்தினான். "போன மாசம்!"

"அப்படியா... மானைக் கூப்பிடு. வந்து சாட்சி சொல்லட்டும்!"

லாக்கப் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

*

மறுநாள். செவ்வாய்க்கிழமை. மண்டை காயும் வெயில்.

டூயியின் அக்கா லவெர்னின் டிங்கரிங் ஷெட் வாசலில் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. மேலே தார்ப்பாய் மூடிய வண்டி.

இறங்கியவர் ராய்ஸ் ஹால்டேன்! கையில் பொரித்த வெண்டைக்காய்ப் பொட்டலம். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே தார்ப்பாயை விலக்கினார்.

லவெர்ன் கிட்டே போய்க் குனிந்தாள்.

வலது மட்கார்டு உள்ளே போயிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. நடுவில் கிழிசல். கிழிசலில் தபால்காரர்கள் போடும் நீலச் சட்டையின் நூல்!

"நீயா...?" அவள் குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல. "நீயாய்யா அது?"

"மரியாதை... மரியாதை! இதை வெட்டி எடுத்துட்டு வேற தகரம் வச்சு வெல்டு பண்ணணும். வெட்டின துண்டு என் கைக்கு வரணும்."

"இப்பவே ஷெரிஃபுக்குப் போன் பண்றேன்!"

"பண்ணு தாயே!" ராய்ஸ் சிரித்தார். "அவன் வர்றதுக்குள்ள இந்த மட்கார்டையே கழட்டி உருக்கிடுவேன். அப்புறம் நீ சொல்றதை எவன் நம்புவான்? தம்பியைக் காப்பாத்த நீ கதை விடறேன்னு சொல்லுவான். அதனாலதானே உன்கிட்ட வந்தேன்!"

கிராதகன்! சொன்னது அத்தனையும் நிஜம். அதுதான் அவளுக்கு எரிந்தது.

"மாட்டேன்னா?"

"லாக்கப்புல ராத்திரிக் காவல் யாரு தெரியுமா? என் மச்சான். உன் தம்பி பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா யாரு கேக்கப்போறா?"

லவெர்ன் அவரையே பார்த்தாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"எதுக்கு இவ்வளவு பாடு? பட்டிப் பசை வச்சு மொழுகி, மேல பெயின்ட் அடிச்சா முடிஞ்சது!"

"என்னை என்ன கேணைன்னு நினைச்சியா? சனிக்கிழமை பழைய வண்டிக் கண்காட்சி. வருஷா வருஷம் வர்ற வண்டி வராட்டி சந்தேகப்படுவாங்க. நடுவர் அந்த ஷெரிஃப் எம்மெட்தான். ஒவ்வொரு வண்டியிலயும் காந்தத்தை வச்சுத் தடவுவான். பட்டி இருந்தா ஒட்டாது. தகரம்தான் வேணும்!"

காந்தம்!

லவெர்னின் பார்வை ஷெட்டின் உள்சுவர் பக்கம் போனது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

"வாங்க. தகரத்தை நீங்களே பாத்து எடுங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

சுவரோரம் நான்கு தகடுகள் சாய்ந்திருந்தன.

"இது இருபத்திரண்டு கேஜ். மெலிசு. வெல்டிங் சூட்டுல அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும்."

"தள்ளு."

"இது ஜி.ஐ. துத்தநாகம் பூசினது. பூச்சைச் சுரண்டாம வெல்டு பண்ணினா விஷப் புகை. குளிர்ஜுரத்துல நான்தான் படுக்கணும்."

"நீ படுத்துக்கோ, எனக்கென்ன! ஆனா வேலை நிக்கும்... தள்ளு."

"இது பதினெட்டு கேஜ், சாதா இரும்பு. கம்பெனிக்காரன் போட்டதும் இதேதான். இதையே வைங்க. நான் சொல்றது இதைத்தான்."

ராய்ஸ் விரலால் தடவினார். மூஞ்சியைச் சுளித்தார். ஓரத்தில் இப்போதே செம்பழுப்புத் துரு!

"கடைசியில ஒண்ணு பளபளன்னு நிக்குதே... அது?"

"அது... அது வேண்டாங்க. எவர்சில்வர். பால் பண்ணைக்கு டேங்க் செஞ்ச மிச்சம்."

"துருப்பிடிக்குமா?"

"ஆயுசுக்கும் பிடிக்காது. ஆனா..."

"என்ன ஆனா? ஏன் இழுக்கிற?"

"அது வேற ஜாதி உலோகம். வெல்டு பண்ற கம்பியே வேற. நாள்பட்டா அதுக்குப் பக்கத்துல இருக்கிற இரும்பை அரிச்சிடும். பழைய வண்டிக்குச் சேராது!"

"அடிப்பாவி! நல்ல சரக்கை ஒளிச்சு வச்சுட்டு, துருப்பிடிச்சதை என் தலையில கட்டறியா? இதையே வை!"

"நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்..."

"வைடீன்னா வை!"

லவெர்ன் முகமூடியை இறக்கிக்கொண்டாள். அதற்குள்ளே அவள் முகம் எப்படி இருந்தது என்று ராய்ஸுக்குத் தெரியாது.

வேலை முடிந்ததும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். 'டங்!' தகரம்தான். வெட்டிய துண்டை எடுத்துக்கொண்டு திருப்தியாகக் கிளம்பினார்.

*

சனிக்கிழமை. கண்காட்சி மைதானம். ஊரே திரண்டிருந்தது.

"புதுப் பெயின்ட் அடிச்சேன்... ஒத்துக்கறேன்!" மைக்கில் முழங்கினார் ராய்ஸ். "ஆனா உள்ள இருக்கிற தகரம் எல்லாம் கம்பெனியில வந்தது! எவன் கையும் பட்டதில்ல! சத்தியம்! சோதிச்சுக்கோ எம்மெட்!"

ஷெரிஃப் காந்தத்தை எடுத்தார். கதவில் வைத்தார். 'டப்!' ஒட்டியது. பானெட். ஒட்டியது. இடது மட்கார்டு. ஒட்டியது.

வலது மட்கார்டு...

காந்தம் வழுக்கி, புல்லில் விழுந்தது!

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஷெரிஃப் எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது!

"என்ன ராய்ஸ்... பட்டியா?"

"பட்டியா? தட்டிப் பாரு! தகரம்!"

ஷெரிஃப் தட்டினார். டங்! புருவம் உயர்ந்தது. பேனாக்கத்தியால் பெயின்டைச் சுரண்டினார். உள்ளே... வெள்ளி மாதிரி மினுமினுப்பு!

"எவர்சில்வர்! காந்தம் ஒட்டாத ஜாதி! எந்தக் கம்பெனிக்காரன்யா ஐம்பத்திமூணுல இதை வச்சான்?"

ராய்ஸின் முகம் வெளிறியது. கண்கள் கூட்டத்தில் அலைந்து, ஓர் இடத்தில் நின்றன. கைகட்டி நின்றிருந்தாள் லவெர்ன்.

"அவதான்... அந்தச் சண்டாளிதான்! செவ்வாய்க்கிழமை வேணும்னே இதைக் காட்டி..."

வாயைப் பொத்திக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமையா?" ஷெரிஃபின் குரல் தாழ்ந்தது. "ஆர்வில் செத்தது திங்கக்கிழமை. எவன் கையும் படாத வண்டிக்குச் செவ்வாய்க்கிழமை என்னய்யா வேலை?"

ராய்ஸ் ஓரடி பின்வாங்கினார்.

விலங்கு 'க்ளிக்' என்றது. ஷெரிஃப், லவெர்ன் பக்கம் திரும்பினார். தொப்பியைக் கழற்றினார்.

"டூயியை விட்டுடறேன்மா. நீ முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

ஷெரிஃப் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏமாத்திட்டா!" ஜீப்பில் ஏற்றும்போது ராய்ஸ் அலறினார். "மோசக்காரி! ஏமாத்திட்டா!"

லவெர்ன் ஜீப்பின் ஜன்னலருகே வந்து குனிந்தாள்.

"அபாண்டமா பேசாதீங்க மிஸ்டர் ஹால்டேன்! துருப்பிடிக்காதுன்னு சொன்னேன்ல? நீங்க எத்தனை வருஷம் கழிச்சு வெளிய வந்தாலும் சரி... அந்த ஒரு துண்டு மட்டும் புத்தம்புதுசா இருக்கும்!"