எழுத்து வரும்வரை

கறுத்த கம்ப்யூட்டர் திரையில் தொட்டில் ஆடியது. கயிற்றின் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

லிஜா திரும்பிப் பார்த்தாள். உத்திரத்தில் கட்டிய சேலைத் தொட்டில் அசையாமல் தொங்கியது. உள்ளே ஏழு மாத அபினா கட்டைவிரலைச் சப்பியபடி நல்ல தூக்கம். சே, காலையிலிருந்து கம்ப்யூட்டரையே பார்த்தால் கண் இப்படித்தான் கோளாறு பண்ணும் என்று தன்னையே வைதுகொண்டாள். நெய்யூரில் மத்தியானத்திலிருந்து விடாத மழை. ஓட்டில் அடிக்கும் இரைச்சலும், கொடியில் காயாமல் கிடக்கும் துணிகளின் ஈர வாடையும், அடுக்களையில் ஆறிப்போன கருவாட்டுக் குழம்பின் மணமும் அந்தச் சின்ன அறையில் அடைந்து கிடந்தன. விளக்கைப் போட்டிருந்தும் மூலைகள் இருட்டாகவே இருந்தன.

போன் அடித்தது. குளச்சலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கோலப்பன். அவருக்குத்தான் லிஜா இந்த வெப்சைட்டைச் செய்துகொண்டிருந்தாள்.

“லிஜா மக்களே, தொறந்தா ஒரே கறுப்பால்லா கெடக்கு. எழுத்தக் காணல்லியே?”

“எழுத்து வெளிய இருந்துலா வரணும் அண்ணாச்சி. வந்து சேருற வரைக்கும் அப்படித்தான் கெடக்கும். வேற சர்வீஸ் போட்டுப் பாக்கேன்.”

கறுப்புப் பக்கத்தில் வெள்ளை எழுத்து வேண்டுமென்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அழகழகான எழுத்துருக்களை இணையம் வழியாக அனுப்பித்தரும் சர்வீஸ்களை லிஜா ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து வரும்வரை திரை வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பில் கண்ணாடிபோல அறை முழுக்கத் தெரியும்.

அடுத்த சர்வீஸை மாட்டிப் பக்கத்தைத் திறந்தாள். கறுப்பு. அதில் அவள் முகம். தோளுக்குப் பின்னால் தொட்டில். தொட்டிலைப் பிடித்து மெல்ல ஆட்டும் ஒரு கை.

‘கல்யாண ஆல்பம், ஞானஸ்நான வீடியோ’ என்று எழுத்துகள் வந்து விழுந்து எல்லாவற்றையும் மூடின.

“யேசுவே!”

பாய்ந்து திரும்பினாள். யாருமில்லை. கதவில் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. புருஷன் அனிஷ் துபாயில், கூப்பிட்டால் வர ஆளில்லை. பிள்ளையை வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்தாள். இளஞ்சூடு, பால் வாசம். அப்பாடா, என் செல்லம் என்னிடம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடலாம்தான். ஆனால் கதவுக்குப் போகும் வழியில் அது நின்றால்? எங்கே நிற்கிறது என்று அந்தக் கறுப்பில்தானே தெரியும்.

பிள்ளையை மடியில் இருத்தி, பக்கத்தை மறுபடி திறந்தாள்.

கறுப்பு.

எழுத்து வரவில்லை.

தொட்டில் தெரிந்தது. ஆடவில்லை.

பக்கத்தில் ஒருத்தி நின்றாள். முகம் இருட்டில். இடுப்பில் ஒரு பிள்ளை.

அபினா.

அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, வாய் கிழிய அழுதாள். மழைச் சத்தம்தான் கேட்டது.

எழுத்து வரவில்லை.

திரையில் லிஜாவின் மடி காலியாக இருந்தது.

மடியில் கனத்தது மெல்ல நிமிர்ந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.