செல்லத்தின் குரல் போன இடம்

மலை நகரமான தானா ராத்தாவில் சிவலிங்கம் ரேடியோ பழுது பார்ப்பவர். காணாமல் போனவற்றையும் கண்டுபிடித்துத் தருவார் என்ற பெயர் எப்படியோ மலை முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியவள் அவர் மனைவி பத்மா என்பது ஊரறிந்த இரகசியம். 1978ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, புக்கிட் மாவார் தோட்டப் பள்ளி ஆசிரியர் செல்வராஜு ஒரு மரப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பத்மா உடனே கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"குரல் போயிருச்சு அண்ணே," என்றார் செல்வராஜு.

"உங்க குரல் நல்லாத்தானே இருக்கு," என்றாள் பத்மா.

"என் குரல் இல்லக்கா. செல்லத்தோட குரல்."

பெட்டிக்குள் முப்பத்தாறு ஸ்லைடுகளும் ஒரு கேசட்டும் இருந்தன. தோட்டத்தின் ஒரு நாளை செல்வராஜு படம் பிடித்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் பேசியவள் கொழுந்து பறிக்கும் செல்லம். அவள் ஒரு படத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் இவர் கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். அந்த 'டிங்' கேட்டால் அடுத்த படத்தைத் தள்ள வேண்டும். பதிந்து முடித்த மறு மாதமே செல்லம் காய்ச்சலில் இறந்துபோனாள். இப்போது நான்கு மாதம் ஆகிறது.

"புதன்கிழமை பிரிஞ்சாங் டவுன்ல போட்டுப் பாத்தோம், நல்லா கேட்டுச்சு. பெட்டி தோட்டத்து லோரியில திரும்பி வந்துச்சு. நேத்து போட்டா வெறும் இரைச்சல்தான். நாளான்னைக்கு நம்ம ஸ்கூல்ல காட்டணும். அம்மா பேசுவாங்கன்னு அவ மக சரோஜாகிட்ட சொல்லிட்டேன் அண்ணே. வேற எதுலயும் அவ குரல் இல்ல."

"லோரியில யார் யார் வந்தாங்க?" என்று கேட்டார் சிவலிங்கம்.

"ஓட்டுனது வேலப்பன், செல்லத்தோட வீட்டுக்காரர். கூட தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற சிங்காரம் கிராணியும், கொழுந்து பறிக்கிற மணியம்மாவும்."

பத்மா விரலை மடக்கத் தொடங்கிவிட்டாள். "கிராணிக்கு இந்தப் படம் பிடிக்குமா?"

"ஆளுங்க குடியிருக்கிற ஒழுகுற லயத்து வீடுகளையும் காட்டியிருக்கேன். அதை எடுத்துருங்கன்னு சொன்னாரு."

"மணியம்மா?"

"நான்தான் பேசுவேன்னு ஆசைப்பட்டாங்க. செல்லம் பேசினதுல கொஞ்சம் வருத்தம்."

"ரெண்டுல ஒண்ணுதாங்க," என்று கணவரைப் பார்த்தாள் பத்மா. "வேலப்பன் பாவம். அவரை விட்டுருங்க."

சிவலிங்கம் கேசட்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், மேல வேற எதுவும் பதியாம இருக்க, பின்னால ரெண்டு பல்லு இருக்குமே, அதை உடைச்சீங்களா?"

"நானே உடைச்சேன்."

"இதுலயும் உடைஞ்சிருக்கு. ஆனா அந்தப் பள்ளத்து மேல காகிதம் ஒட்டியிருக்கு. தபால்தலைத் தாளோட ஓரத்துல வெள்ளையா வருமே, அந்தப் பசைக் காகிதம்."

"நான் ஒட்டலையே."

"பேரு எழுதின இந்தச் சீட்டு?"

"கையெழுத்து என்னோடதுதான். கேசட்டோட வந்த சீட்டு, தானா ஒட்டிக்கும்."

சிவலிங்கம் சீட்டின் மூலையை நகத்தால் நெம்பினார். அடியில் காய்ந்த சோற்றுப் பருக்கை இருந்தது. பிறகு கேசட்டை ரெக்கார்டரில் போட்டு, மறுபக்கத்தையும் பொறுமையாக ஓடவிட்டார். பத்மா மூன்று முறை கொட்டாவி விட்டாள். கடைசிக்கு வந்தபோது திடீரென ஒரு தெருவின் சத்தம் கேட்டது. மாட்டுக் கழுத்து மணி, எங்கோ நாய், பிறகு ஒருவன் இழுத்துக் கூவினான்: "உப்பே... உப்பு..." அதோடு டேப் முடிந்தது.

"நாளைக்குத் தோட்டத்துக்கு வர்றோம்," என்றார் சிவலிங்கம். "லோரியில வந்த மூணு பேரையும் ஸ்கூலுக்கு வரச் சொல்லுங்க."

மறுநாள் மதியம் வகுப்பறை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சிங்காரம் கிராணி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மணியம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருந்தாள். வேலப்பன் கதவோரமாகத் தலையைக் குனிந்திருந்தார்.

"செல்லம் பேசினதை யாரும் அழிக்கல," என்று சிவலிங்கம் ஆரம்பித்தார். "இது வேற கேசட்டு. வாத்தியார் சீட்டை உரிச்சு இதுல சோத்தால ஒட்டியிருக்காங்க. கோபத்துல செய்யிறவங்க டேப்பைப் பிடுங்கி எறிஞ்சிருப்பாங்க. கிராணிக்கு ஆகாதது படம். முப்பத்தாறு படமும் அப்படியே இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் லா," என்றார் சிங்காரம்.

"மணியம்மா வீட்டுல ரெக்கார்டரே இல்லன்னு சார் சொன்னாரு. இந்தக் கேசட்டு ஒரு காலத்துல பாட்டுக் கேசட்டு. பள்ளத்தை மூடி, அதுல மறுபடி மறுபடி பேசிப் பதிஞ்சிருக்காங்க. கடைசியில ஒட்டிக்கிட்டிருக்கிற சத்தம் உப்பு விக்கிறவன் சத்தம். இந்த மலையில தெருவுல கூவி உப்பு விக்கிறவன் யாரு? கடல் தாண்டி நம்ம ஊரு நாட்டுல இருந்து தபால்ல வந்த கேசட்டு இது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க பேசி அனுப்புற கடுதாசி." அவர் குரலைத் தாழ்த்தினார். "குடியுரிமை இல்லாத சிவப்பு ஐ.சி.ன்னு வேலை போய், எழுபதுல ஊருக்குக் கப்பலேறினவங்கள்ல செல்லத்தோட அம்மாவும் ஒருத்தரு, இல்லையா வேலப்பன்?"

பத்மா சட்டென்று வேலப்பன் பக்கம் திரும்பினாள்.

வேலப்பன் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "அத்தைக்குத் தெரியாது சார். மக செத்துட்டான்னு எழுத எனக்குக் கை வரல. அவுங்களுக்குக் கண்ணும் போயிருச்சு, அங்க தனியா இருக்காங்க. அவுங்க அனுப்புற டேப்பு மேலயே இவ பேசித் திருப்பி அனுப்புவா. ஒவ்வொரு தடவையும் 'ஆத்தா, நல்லாருக்கியா'ன்னுதான் ஆரம்பிப்பா. கடைசியா தீபாவளிக்கு அனுப்பினது. அத்தை பதில் பேசி அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சு. இந்தத் தடவ பேச ஆளு இல்ல சார்."

வேலப்பன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"புதன்கிழமை அவ குரலைக் கேட்டேன். இது எங்க லயம், இது எம்மக ஸ்கூலுக்குப் போறான்னு எல்லாத்தையும் சொல்றா. அம்மாவுக்குச் சொல்ற மாதிரியே இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே மாத்திட்டேன். சார் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு அத்தை பேசினதை அழிச்சேன். வியாழக்கிழமை போஸ்ட் பண்ணிட்டேன்."

"சரோஜா?" என்று மெதுவாகக் கேட்டாள் பத்மா.

"அவளுக்கு நான் இருக்கேன் அக்கா. அங்க யாரு இருக்கா?"

செல்வராஜு கோபப்படத்தான் எழுந்தார். ஆனால் வேலப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மணியம்மா மூக்கைச் சிந்தி, "நாளைக்கு நான் பேசுறேன் சார். அவ சொன்னது எல்லாம் எனக்கு மனப்பாடம்," என்றாள். ஞாயிற்றுக்கிழமை அப்படியே நடந்தது. செல்வராஜு டம்ளரைத் தட்டினார். சரோஜா கடைசிப் படம்வரை எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மே மாதக் கடைசியில் வேலப்பன் லோரியைக் கடை வாசலில் நிறுத்தினார். கையில் தபாலில் வந்த பொட்டலம் இருந்தது. அதற்குள் இரண்டு கேசட்டுகள். ஒன்று செல்வராஜுவுடையது. தனியாகக் கேட்கத் தைரியம் வரவில்லை என்றார். சிவலிங்கம் மற்றதை ரெக்கார்டரில் போட்டார். கிழவியின் குரல் நிதானமாக வந்தது.

"மாப்ளே, எம்மக பேசினதை எல்லாம் கேட்டேன். வீட்டைச் சொன்னா, புள்ளையச் சொன்னா, நடுநடுவுல என்னமோ டிங்குன்னு மணி அடிச்சுச்சு. ஒரு வார்த்த ஆத்தான்னு கூப்புடல. உயிரோட இருந்தா கூப்புடாம இருப்பாளா? நீ சொல்ல முடியாமத்தான் இதை அனுப்பியிருக்க. உம்மேல எனக்குக் கோவம் இல்ல. நான் ஒம்பது நாளு கேட்டுட்டேன். எனக்குப் போதும். இது சரோஜாவுக்கு."

பின்னால் உப்புக்காரன் கூவிக்கொண்டு போனான்.

சிவலிங்கம் ரெக்கார்டரை நிறுத்தினார். வேலப்பன் பெஞ்சில் உட்கார்ந்து, இத்தனை மாதமாக அழாததை அழுதார்.

"செல்லம் ஆத்தான்னுதான் ஆரம்பிப்பான்னு வேலப்பன் அன்னைக்கே சொன்னாரு. நான் காதுல வாங்கல பத்மா," என்றார் சிவலிங்கம்.

பத்மா கடைச் சுவரில் விற்பனைக்கு மாட்டியிருந்த ஒரே புது கேசட்டை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். "முதல்ல செல்லம் பேசினதுல அந்த ஆத்தாவுக்கு ஒரு காப்பி எடுங்க. ஸ்கூல் விடுறதுக்குள்ள சரோஜாகிட்ட போகணும்."